யும்னா வாய் திறக்கவில்லை

போர்ட் சயீத்
26 ஏப்ரல் 1997

நிஹால்,

சலாம் சொல்லித்தான் தொடங்க வேண்டும். மனம் வரவில்லை. போனில் பேசினால் நீ பாதியிலேயே படாரென்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, படித்துத்தான் ஆக வேண்டும். படி.

பெருநாளுக்கு மன்சூராவில் உன் வீட்டுக்கு வந்தோம். யும்னா கன்னம் பன்னாக வீங்கி, குர்பானி இறைச்சியில் ஒரு துண்டுகூட மெல்ல முடியாமல் அழுதாள். சரி, கூடப்பிறந்தவள் பல் டாக்டர், அதுவும் குழந்தைகளுக்கென்றே படித்த பல் டாக்டர், ஊரெல்லாம் பெயர் என்று நம்பி என் ஒரே பெண்ணை உன்னிடம் கொடுத்தேன். நீ என்ன செய்தாய்? ஆறரை வயதுப் பிள்ளையை மையித்தைச் சுற்றுகிற மாதிரி துணியில் சுற்றினாய். உன் நர்ஸ் புசைனா, மலை மாதிரி ஒரு பெண்பிள்ளை, அவள் கால் மேல் ஏறி உட்காராத குறை. என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டாய். கதவுக்கு அந்தப் பக்கம் என் பெண் "அம்மா, அம்மா" என்று கதறினாள். கசாப்புக் கடையில்கூட ஆட்டைத் தடவிக் கொடுத்துவிட்டுத்தான் அறுக்கிறார்கள்.

இப்போது கேள். அன்றிலிருந்து அவள் வாயைத் திறப்பதில்லை. சாப்பாட்டை உதட்டால் உறிஞ்சுகிறாள். பல் துலக்கப் பிரஷ்ஷை எடுத்தால் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறாள். பள்ளியில் டீச்சர் பாடச் சொன்னால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாளாம். போன் மணி அடித்தால், நீதானோ என்று அறைக்குள் ஓடுகிறாள். இன்னும் இரண்டு பல் பார்க்க வேண்டும் என்று சொன்னாயே, எப்படிப் பார்ப்பது? சொல்லு, டாக்டரம்மா.

இனாஸ்

---

மன்சூரா
2 மே 1997

அக்கா,

போனை நான் வைத்தேன், உண்மைதான். "கசாப்புக்காரி" என்று மூன்றாவது தடவை நீ சொன்ன பிறகு வைத்தேன்.

நீ கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன், ஆனால் முதலில் நான் கேட்கிறேன். யும்னாவுக்கு இரண்டு வயதிலிருந்து நீ என்ன சொல்லி வளர்த்தாய்? பருப்பு சூப் குடிக்கவில்லையா, "நிஹால் சித்திகிட்ட கூட்டிட்டுப் போயிடுவேன், குறடு வெச்சுப் பல்லு எல்லாத்தையும் பிடுங்கிப்புடுவா." தூங்கவில்லையா, "சித்தி ஊசி எடுத்துக்கிட்டு வரா." என் காதாலேயே போனில் கேட்டிருக்கிறேன். மற்ற வீடுகளில் பிள்ளைகளைப் பயமுறுத்தத் தோலுரிந்த கால் பூதம் இருக்கிறது. உன் வீட்டில் அந்த வேலையை நான் பார்க்கிறேன், சம்பளமில்லாமல்.

அன்றைக்குப் புது உடுப்பு வாங்கப் போகிறோம் என்று சொல்லித்தானே அவளைக் கூட்டி வந்தாய்? பெருநாள் ஷூ, தலையில் ரிப்பன், கையில் குட்டிப் பர்ஸ். கிளினிக்குக்குள் வந்து அந்த நாற்காலியைப் பார்த்ததும் அவள் முகம் போன போக்கை நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன்.

இன்னொன்று. உன்னை வெளியே நிற்க நான் சொல்லவில்லை. கதவு திறந்தேதான் இருந்தது. நீ பக்கத்து நாற்காலியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். நான் ஊசியை எடுத்துக்கொண்டு திரும்பினேன், நாற்காலி காலி. அவள் கை காற்றில் துழாவிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகுதான் அவள் உதைக்கத் தொடங்கினாள், அதற்குப் பிறகுதான் துணி. நூற்றிரண்டு காய்ச்சல், ஈறில் சீழ். அந்தப் பல்லை அன்றே எடுத்தாக வேண்டியிருந்தது. துணியில் சுற்றியது தப்பு. அதை நான் ஒப்புக்கொள்கிறேன். நீ எதை ஒப்புக்கொள்ளப் போகிறாய்?

மிச்சமிருக்கும் இரண்டில் ஒன்று பால்பல், அதற்கு அடியிலும் சீழ் கட்டத் தொடங்கிவிட்டது. அடுத்தது புதிதாக முளைத்த கடைவாய்ப்பல். அது போனால் இனி முளைக்காது. கோடைக்குள் இரண்டையும் பார்க்க வேண்டும். கூட்டிக்கொண்டு வா. ஆனால் பொய் சொல்லாமல், பயமுறுத்தாமல். அதோடு, முதலில் நீ அந்த நாற்காலியில் உட்கார வேண்டும். நான் உன் பல்லைப் பார்ப்பதை அவள் நின்று பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அவளைத் தொடுவேன்.

நிஹால்

---

போர்ட் சயீத்
9 மே 1997

நிஹால்,

ஓஹோ! குற்றவாளி நான்தானா? நான் நாற்காலியில் உட்கார வேண்டுமாம், மேடம் என் வாயைப் பார்ப்பார்களாம். சின்ன வயதில் உன் பொம்மையின் தலையை நான் உடைத்ததற்கு இப்போது பழி வாங்குகிறாயா? எனக்கு முப்பத்தொன்பது வயது. என் பல் என் வாயில் இருக்கிறது, அது யாரையும் போய்க் கடிக்கவில்லை.

நானாக வெளியே போனேன் என்கிறாய். காதில் பூச்சுற்றாதே. நீதான் கண்ணைக் காட்டினாய், போ என்று.

பெற்றெடுத்தவளுக்குப் புத்தி சொல்ல, நீ எத்தனை பெற்று வளர்த்தாய்? ஊரார் பிள்ளைகளின் வாயை எட்டிப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடுமா?

உன்னை விட்டால் ஆளில்லையா என்று என் வீட்டுக்காரர் வக்தி இங்கேயே ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனார். சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்று ஆசை காட்டி, வாசல்வரை தோளில் தூக்கிக்கொண்டு போனார். டாக்டர் விரலை உள்ளே விட்டதும் இவள் கடித்தாளே பார்க்கணும்! ரத்தம். "இந்தக் காட்டுப்பூனைய முதல்ல வீட்ல கட்டிப்போட்டு வளருங்கய்யா" என்று விரட்டிவிட்டார். வக்தி, படகு இன்ஜினையே தனியாகக் கழற்றி மாட்டுகிற மனுஷன், படியிறங்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். சைக்கிளும் வேண்டாம் என்றுவிட்டாள்.

திரும்பி வரும்போது முதல்முறையாக அவளே வாய் திறந்து ஒன்று கேட்டாள். "அம்மா, என் பல்லு எங்க?"

எதற்குக் கேட்கிறாய் என்றேன். அவள் வகுப்பில் பல் விழுந்த பிள்ளைகளெல்லாம் மொட்டை மாடிக்கு ஏறிச் சூரியனைப் பார்த்து வீசிவிட்டார்களாம். சூரியனே, எருமைப் பல்லை எடுத்துக்கொண்டு மணப்பெண்ணின் அழகுப் பல்லைக் கொடு என்று கேட்டுவிட்டார்களாம். இவளிடம் வீசப் பல் இல்லை. அதனால் அந்த இடத்தில் இனி எதுவுமே முளைக்காது, முளைத்தாலும் எருமைப் பல்தான் முளைக்கும் என்று முடிவு கட்டிவிட்டாள். "சித்தி என் பல்லத் திருடிட்டா" என்கிறாள். நீ அதை வாளியில் எறிந்தாய்தானே? எந்த ஊரில் பிறந்தாய் நீ? நாமும் சின்ன வயதில் வீசியவர்கள்தானே? பட்டம் வாங்கினால் இதெல்லாம் மறந்துவிடுமா?

இனாஸ்

---

மன்சூரா
16 மே 1997

அக்கா,

எனக்குப் பிள்ளை இல்லை என்பதை இனி ஒரு கடிதத்தில் எழுதினால், அந்தக் கடிதத்துக்குப் பதில் வராது. அதற்கு அடுத்ததற்கும் வராது. இதைக் கோபத்தில் எழுதவில்லை. கோபத்தில் எழுதிய காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

பல்லை நான்தான் வாளியில் போட்டேன். ஒரு நாளைக்குப் பத்துப் பல் எடுக்கிறேன், கை தானாகவே போட்டுவிட்டது. அது மன்னிக்க முடியாத தப்பு. பிடுங்கினதைவிட அதுதான் அவளுக்குப் பெரிது என்பது இப்போதுதான் புரிகிறது. எனக்கு அழுகை வந்தது.

உன் பல்லைப் பற்றி நீ பேச மாட்டாய், நான் பேசுகிறேன். உனக்கு ஒன்பது வயது, எனக்கு நாலு. நாவிதர் ஷஹாத்தாவின் கடை. அப்போதெல்லாம் அவர்தானே பல் எடுப்பார். அப்பா பின்னாலிருந்து உன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். மரத்துப்போக ஊசியும் இல்லை, ஒன்றும் இல்லை. நான் வாசலில் நின்று பார்த்தேன். பாதிப் பல்தான் வந்தது. அதற்குப் பிறகு முப்பது வருஷமாக நீ வலது பக்கம் மட்டுமே மெல்கிறாய். வலி வந்தால் கிராம்பு, அதற்கும் அடங்காவிட்டால் மாத்திரை. உன்னைப் பார்த்துத்தான் நான் இந்தப் படிப்புக்கே போனேன். உன் பெண்ணும் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நீ கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சமையலறையில் நிற்பதை அவள் பார்க்கவில்லை என்றா நினைக்கிறாய்?

உடம்பு வளர்ந்த உனக்கே இவ்வளவு பயமென்றால் அவளை எதற்குக் குறை சொல்கிறாய்? எதற்கு என்னைக் குறை சொல்கிறாய்? ஷஹாத்தாமேல் வர வேண்டிய கோபமெல்லாம் என்மேல் வருகிறது.

இத்துடன் ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். வாய்க்குள் பார்க்கிற குட்டிக் கண்ணாடி, நீளக் கம்பியோடு. அது யும்னாவுக்கு. விளையாடட்டும். பொம்மையின் வாயை, வக்தி அத்தானின் வாயை, யார் வாயை வேண்டுமானாலும் பார்க்கட்டும். அவள் வாயைத் திறக்கச் சொல்லி நீ ஒரு வார்த்தை பேசாதே. "வலிக்கவே வலிக்காது" என்றும் சொல்லாதே.

நிஹால்

---

போர்ட் சயீத்
30 மே 1997

நிஹால்,

அந்த வார்த்தையை நான் எழுதியிருக்கக் கூடாது. எழுதிவிட்டேன். என் நாக்கு அப்படி, உனக்குத் தெரியாததா? மன்னித்துவிடு.

ஆனால் உன் கண்ணாடி இருக்கிறதே, அது என் மானத்தை வாங்கிவிட்டது. மூன்று நாள் பொம்மைக்கெல்லாம் வைத்தியம். வக்தி தொழுதுவிட்டு எழுந்திருப்பதற்குள் வாயைப் பிளந்து பார்த்துவிடுகிறாள். "அப்பாவுக்கு ரெண்டு தங்கப் பல்லு, ஒரு ஓட்ட" என்று கட்டிடம் முழுக்கச் சொல்லி வருகிறாள். நேற்று நான் முலூகியா கீரை நறுக்கிக்கொண்டிருந்தேன். முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி நின்றாள்.

"அம்மா, வாயத் திற."

"கை வேலையா இருக்கேன்டி, போ."

"கைக்கு என்ன, வாயத்தானே திறக்கச் சொல்றேன்."

திறந்தேன். என்ன செய்ய? ரொம்ப நேரம் பார்த்தாள். இடது பக்கம் போய் நின்றுவிட்டாள்.

"அம்மா, இங்க எல்லாம் தீஞ்சு போயிருக்கு. கரிக்கட்டை மாதிரி."

"வயசானா அப்படித்தான்."

"அப்பாவுக்கு உன்னவிட வயசாச்சு. அவருக்கு இல்லையே. சித்திகிட்ட ஏன் போகல?"

"நேரமில்ல, கண்ணு."

கண்ணாடியை வெளியே எடுத்து என் முகத்தையே பார்த்தாள். "பொய்யி. உனக்குப் பயம். அன்னைக்கும் என் கைய உதறிட்டு நீதான் வெளிய ஓடிட்ட. சித்தி ஒண்ணும் உன்னப் போகச் சொல்லல."

அடுப்பில் வைத்திருந்த பூண்டு கருகும்வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஆமாம், நிஹால். நானாகத்தான் போனேன். நீ கண்ணும் காட்டவில்லை, ஒன்றும் காட்டவில்லை. ஊசியைப் பார்த்தேன், கால் தானாக எழுந்துவிட்டது. அப்புறம் நீ போகச் சொன்னதாக எனக்கு நானே சொல்லிச் சொல்லி, அதையே நம்பியும் விட்டேன். போதுமா? சந்தோஷமா?

உன்மேல் கோபம் போய்விட்டது என்று நினைத்துவிடாதே. துணியில் சுற்றியது சுற்றியதுதான். பரீட்சை முடிந்ததும் கூட்டி வருகிறேன். அந்த புசைனா கண்ணில் படக் கூடாது.

இனாஸ்

---

மன்சூரா
6 ஜூன் 1997

அக்கா,

சந்தோஷமெல்லாம் இல்லை. ஆனால் இந்த ஒரு கடிதத்துக்காக நீ திட்டியதெல்லாம் கழிந்துபோயிற்று.

ஜூன் 26, வியாழக்கிழமை, காலை பத்து மணி. வேறு யாருக்கும் நேரம் கொடுக்கவில்லை. புசைனா முன்னறையில் இருப்பாள், உள்ளே வர மாட்டாள். அவளும் மனம் நொந்துதான் இருக்கிறாள். நேற்று ஒரு யோசனை சொன்னாள்: "வாளியில எத்தனை பால்பல்லு கெடக்கு டாக்டர், ஒண்ண எடுத்துக் கழுவி, இதுதான் உன்னோடதுன்னு குடுத்துடுங்களேன். புள்ளைக்கு என்ன தெரியவா போகுது?" காச்மூச்சென்று கத்திவிட்டேன். புது உடுப்பு என்று நீ ஒரு பொய் சொன்னாய். பல்லைச் சும்மா எண்ணிப் பார்க்கத்தான் போகிறேன் என்று அவளிடம் நான் ஒரு பொய் சொன்னேன். மூன்றாவதாக இன்னொன்றா?

கீழே உள்ளதை யும்னாவிடம் அப்படியே படித்துக் காட்டு, ஒரு வார்த்தைகூடக் கூட்டிக் குறைக்காதே.

யும்னா, உன் பல்லை நான் குப்பையில் போட்டுவிட்டேன். அது உன்னுடைய பொருள், உன்னைக் கேட்காமல் போட்டது தப்பு. திரும்பக் கொண்டுவர என்னால் முடியாது. அந்த இடத்தில் புதுப் பல் வரும், ஆனால் நாலு வருஷம் ஆகும். இன்னொரு பல்லையும் எடுக்க வேண்டியிருக்கிறது. அதற்கு ஒரு ஊசி உண்டு. எறும்பு கடித்த மாதிரி இருக்கும், அதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இருக்கும். நீ கையைத் தூக்கினால் நான் நிறுத்திவிடுவேன். எத்தனை தடவை தூக்கினாலும் நிறுத்துவேன். உன் அம்மா முதலில் உட்காருவாள். நான் சொல்வது நிஜமா என்று பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்.

நிஹால்

---

போர்ட் சயீத்
28 ஜூன் 1997

நிஹால்,

நீ சிரித்தாய். இல்லை என்று சொல்லாதே, முகமூடிக்கு மேலே உன் கண் சிரித்ததை நான் பார்த்தேன்.

ஆமாம், நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். ஐந்து தடவை கை தூக்கினேன், ஆறாவது தடவை எழுந்தே விட்டேன். கழுத்தில் கட்டிய துணியோடு, செருப்பில்லாமல், உன் கட்டிடத்துப் படிக்கட்டில் போய் உட்கார்ந்தேன். ஏறி இறங்குகிறவர்களெல்லாம் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு பெண்மணி சாவு விழுந்த வீடு என்று நினைத்து, "யாரும் மௌத்தா?" என்று வேறு கேட்டாள். இதைத்தானே நீ விரும்பினாய்? பெண்ணின் முன்னால் என்னைச் சந்தி சிரிக்க வைக்க வேண்டும், அவ்வளவுதானே?

மாடியில் சத்தம் வரும் வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு சத்தமும் வரவில்லை. அதுதான் எனக்குப் பெரிய பயமாகப் போய்விட்டது. முக்கால் மணி நேரம் கழித்து அவளே படியிறங்கி வந்தாள், வாயில் பஞ்சு, கையை இறுக்க மூடிக்கொண்டு. உன்னிடம் சொல்லாமல்கூட அவளை இழுத்துக்கொண்டு வண்டி ஏறிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் நேரே மொட்டை மாடிக்குப் போனாள். பல்லை வீசிவிட்டு இறங்கி வந்து, கோஷரிப் பருப்புச் சோறு வேண்டும் என்று கேட்டாள். செய்து ஆறவைத்துக் கொடுத்தேன், வாயை அகலத் திறந்து சாப்பிட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

உள்ளே என்ன நடந்தது என்று எவ்வளவு கேட்டும் சொல்லவில்லை. "சித்தியக் கேளு" என்கிறாள். ஏன் அவள் அழவில்லை? என்ன செய்தாய் அவளை?

இனாஸ்

---

மன்சூரா
4 ஜூலை 1997

அக்கா,

நான் ஒன்றும் செய்யவில்லை. செய்தது நீதான். இதை எழுத எனக்கு எரிச்சலாகவே இருக்கிறது. ஏனென்றால் நான் திட்டம் போட்டது வேறு: அம்மா தைரியமாக உட்காருவாள், பிள்ளை அதைப் பார்த்துப் பழகிக்கொள்ளும். புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது. நீ எழுந்து ஓடியதும் எல்லாம் போயிற்று என்று உபகரணங்களை மூடி வைக்கத் தொடங்கிவிட்டேன். உன்மேல் அப்படி ஒரு ஆத்திரம். சிரிக்கவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

யும்னா நாற்காலி பக்கத்திலேயே நின்றாள். "சித்தி, அம்மா கை தூக்குனா, நீ நிறுத்திட்ட."

"ஆமா."

"எழுந்து போனா, யாரும் புடிக்கல. புசைனா ஆன்ட்டிகூட ஓடி வரல."

"ஆமா. போகணும்னா போகலாம்."

"எனக்கும் அப்படித்தானா?"

"உனக்கும் அப்படித்தான்."

அப்புறம் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, தானே நாற்காலியில் ஏறினாள். நீ தைரியமாக உட்கார்ந்திருந்தால் அவள் ஏறியிருப்பாளா என்று எனக்குச் சந்தேகமாகத்தான் இருக்கிறது.

மூன்று தடவை கை தூக்கினாள். முதல் தடவை நான் நிறுத்துகிறேனா என்று பார்க்க. இரண்டாவது தடவை ஊசிக்கு. கண்ணில் தண்ணீர் வந்தது, சத்தம் போடவில்லை. மூன்றாவது தடவை குறடு கையிலிருக்கும்போது. வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். மரத்துப்போன உதட்டோடு குழறிக் குழறிக் கேட்டாள்: "அம்மா எங்க?"

நான் நிஜத்தைச் சொன்னேன். "படிக்கட்டுல உட்காந்திருக்கா. கூப்பிடட்டுமா?"

கதவையே பார்த்தாள். "வேணாம் சித்தி. அவளுக்குப் பயமா இருக்கும். நீ செய்யி."

உன்னைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை என்று எழுத வந்தேன். பொய். குத்திக்காட்டத்தான் எழுதுகிறேன். ஆறரை வயதில் அவள் உன்னைப் பொறுத்துக்கொள்கிறாள். அது அவள் செய்ய வேண்டிய வேலை இல்லை, அக்கா.

ஜூலை 17, வியாழன். அந்தக் கடைவாய்ப்பல்லை அடைக்க வேண்டும். அவள் வருவாள், எனக்குத் தெரியும்.

நிஹால்

---

போர்ட் சயீத்
9 ஜூலை 1997

நிஹால்,

உன் கடிதத்தைக் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு படித்தேன். உன்மேல் அவ்வளவு கோபம் வந்தது, வந்த வேகத்தில் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பிறகு என்மேல் வந்தது. அது இன்னும் போகவில்லை.

வியாழக்கிழமை எனக்கும் நேரம் போட்டு வை. யும்னாவுக்கு முன்னால் இல்லை, பின்னால். முதலில் அவள் பல் அடைக்கும்போது நான் பக்கத்து நாற்காலியில் உட்கார வேண்டும். கடைசிவரை உட்கார வேண்டும். அதை முடித்தால்தான் என் வாயைத் திறக்க எனக்கு முகமிருக்கும்.

இதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லிவிட்டு ஓடிப்போனால் அதுவும் ஒரு பொய்யாகிவிடுமே என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறேன்.

பேனாவை வைத்துவிட்டுப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன், நிஹால். தரையில் படுத்துப் படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். "யும்னா, உனக்குப் பல்லு அடைக்கும்போது நான் வெளிய போகமாட்டேன்" என்றேன். தலையைத் தூக்கவில்லை.

"பயமா இருந்தா?"

"பயமாத்தான் இருக்கும். இருந்தாலும் போகமாட்டேன்."

அவள் நகர்ந்து படுத்து, தன் பக்கத்தில் எனக்கு இடம் விட்டாள்.

இனாஸ்